பேங்குக்குப் போவதற்கு முன் இந்தக் கடைக்குப் போங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிற கொமியூனிகேஷன் கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். போட்டோகொப்பி, ரீலோட் (போன் ரீசார்ஜ்), லெமினேட்டிங், பாஸ்போர்ட் சைஸ் படம், பில் கட்டுதல், கடிதம் அடித்துக் கொடுத்தல் என்று வாசலில் மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். உள்ளே இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பெரிய கொப்பி மெஷின், சத்தம் மட்டும் போடுகிற ஒரு ஃபேன். பெயரைப் போடலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். "போடாதேங்கோ தம்பி, இப்பவே நிக்க இடமில்லை" என்றுவிட்டார். பரவாயில்லை. இதே மாதிரிக் கடை பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் தடுக்கி விழுந்தால் ஒன்று இருக்கிறது, நான் சொல்லப்போகிற நல்லதும் கெட்டதும் முக்கால்வாசி அவற்றுக்கும் பொருந்தும்.

மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நான்கு. அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்பது கடைசிப் பக்கம் வரும். அது சின்ன விஷயம் இல்லை, தயவுசெய்து அதுவரை படியுங்கள்.

நான் திருநெல்வேலிப் பக்கம். இங்கே ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை, வதிவிட விசா. சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகாத ஊர், தெருவில் தமிழ் கேட்கிறது, காலையில் இட்லி கிடைக்கிறது, நோட்டில் தமிழ் அச்சடித்திருக்கிறார்கள், அப்புறம் என்ன கஷ்டம் என்று நினைத்துத்தான் என்னைப் போன்றவர்கள் வந்து இறங்குகிறோம். கையில் காசும் இருக்கும், வேலையும் இருக்கும். ஆனாலும் முதல் சம்பளம் ஒழுங்காக ஒரு கணக்கில் வந்து விழுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். ஏனென்றால் புதிதாக வந்தவனின் காசுப் பிரச்சினை என்பது பெரும்பாலும் காகிதப் பிரச்சினைதான். விசாவுக்குக் கம்பெனிக் கடிதம், கணக்குக்கு விலாச அத்தாட்சி, விலாச அத்தாட்சிக்கு வீட்டு ஒப்பந்தம், வீட்டு ஒப்பந்தத்துக்குக் கொடுக்க வேண்டிய அட்வான்ஸுக்கு மறுபடி ஒரு கணக்கு. இந்த வட்டத்தை எங்கே உடைப்பது என்று வங்கியில் இருப்பவர்கள் சொல்ல மாட்டார்கள், அது அவர்கள் வேலையும் இல்லை. இந்தக் கடைக்கார அண்ணை சொல்வார்.

முதலில் சிம். வெளிநாட்டவருக்குப் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும், விமான நிலையத்திலேயே கிடைக்கும். நான் அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கான பேக்கேஜ் வாங்கியிருந்தேன். அண்ணை அதைப் பார்த்துவிட்டு, "இது காலாவதியாகிற நம்பர் தம்பி, பேங்குக்குக் குடுக்கிற நம்பர் நிலைக்கிற நம்பரா இருக்கோணும்" என்று சாதாரண ப்ரீபெய்ட் சிம் ஒன்றை என் பெயரில் பதிந்து கொடுத்தார். அந்த நேரத்தில் வியாபாரத்துக்காகச் சொல்கிறார் என்றுதான் பட்டது. பிறகு வங்கி, வரி, டாக்ஸி ஆப், மின்சார பில் என்று எல்லா இடத்து ரகசிய எண்ணும் அந்த ஒரு நம்பருக்கே வர ஆரம்பித்தபோது அந்த அறிவுரையின் பெறுமதி தெரிந்தது. எந்தக் கம்பெனி சிம் என்பது அவ்வளவு முக்கியம் இல்லை, உங்கள் அறைக்குள் எது எடுக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது அடையாள அட்டை. இலங்கையில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் முதல் கட்டம் அதுதான் கேட்கும். பழைய அட்டை என்றால் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதியது என்றால் பன்னிரண்டு இலக்கம். நம்மிடம் இரண்டும் கிடையாது, பாஸ்போர்ட் எண்தான் இருக்கிறது, அதை அந்தக் கட்டத்தில் அடித்தால் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பிவிடும். எந்த இணையதளம் பாஸ்போர்ட்டை ஏற்கும், எதற்கு நேரில் போயே ஆக வேண்டும், எதில் "வெளிநாட்டவர்" என்ற தேர்வை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் இவருக்கு மனப்பாடம். இந்த அறிவுக்கு மட்டுமே நான் தனியாகக் காசு கொடுத்திருப்பேன்.

விலாச அத்தாட்சி அதைவிடப் பெரிய கூத்து. வெள்ளவத்தையில் நமக்குக் கிடைப்பது போர்டிங் அறை, இல்லாவிட்டால் ஒரு வீட்டோடு ஒட்டின அனெக்ஸ், கம்பெனி நல்ல கம்பெனியாக இருந்தால் ஒரு ஃப்ளாட். மின்சார பில் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். சில இடத்தில் வீட்டுக்காரரின் காலமான அப்பா பெயரில் இருக்கும். ஃப்ளாட் சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார், சாவியைப் பார்த்துக்கொள்வது அவருடைய மச்சான். இப்படிப்பட்ட பில்லைத் தூக்கிக்கொண்டு கொழும்பின் மையப் பகுதியான கோட்டையில் ஒரு வங்கிக் கிளைக்குப் போனேன். எந்த வங்கி என்பது வேண்டாம். முதல் முறை பில் உங்கள் பெயரில் இல்லை என்றார்கள். அடுத்த முறை கம்பெனிக் கடிதத்தில் விலாசம் இல்லை என்றார்கள், அதற்கடுத்த முறை விசாப் பக்கத்தின் நகல் தெளிவாக இல்லை என்றார்கள். மூன்றையும் சேர்த்து முதல் நாளே சொல்லியிருக்கலாம். பேசினவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், அதனால் கோபப்படவும் முடியவில்லை.

அண்ணை இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கக்கூட இல்லை. ஒரு மாதிரிக் கடிதத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தார். இன்ன பாஸ்போர்ட் எண் உள்ளவர் இன்ன தேதியிலிருந்து என் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார் என்று வீட்டுக்காரர் சொல்வது போல ஆங்கிலத்தில் ஒரு பக்கம், கீழே தமிழில் அதே விஷயம், ஏனென்றால் கையெழுத்துப் போடப்போகிற அம்மாவுக்கு வாசித்துப் புரிய வேண்டும். அதோடு வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல், மின்சார பில் நகல், கம்பெனிக் கடிதத்தில் விலாசத்தைச் சேர்த்து மறுபடி ஒரு கடிதம். எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, "இதைக் கொண்டு வெள்ளவத்தைக் கிளைக்குப் போங்கோ, கோட்டைக்குப் போகாதேங்கோ" என்றார். இந்த வட்டாரத்தில் அனெக்ஸில் இருக்கிறவர்கள் தினமும் வருவதால் இங்குள்ள கிளைகளுக்கு இந்தக் காகிதம் பழக்கம் என்பது அவர் கணக்கு. சரியாகத்தான் இருந்தது. கணக்கு திறந்தது. இந்த ஒரு வேலைக்கு அவர் வாங்கியது டைப்பிங், பிரிண்ட், கொப்பி எல்லாம் சேர்த்து ஒரு மதியச் சாப்பாட்டுக் காசு.

வருடக் குத்தகையாக வீடு எடுக்கிறீர்கள் என்றால் கடிதத்தோடு நிற்காதீர்கள், நொத்தாரிசு, அதாவது நோட்டரி, முன்னால் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். இங்கே வீட்டுக்காரர்கள் ஆறு மாத வாடகை, சில சமயம் ஒரு வருட வாடகையைக்கூட மொத்தமாக முன்கூட்டியே கேட்பார்கள். அது மாதாமாதம் கழிகிற முற்பணமா, போகும்போது திரும்பி வருகிற வைப்பா என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். கடையில் இதற்கும் மாதிரி வைத்திருக்கிறார், ஆனால் அதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அவரே சொல்கிறார்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஸ்டேட் பேங்க் ஒஃப் இந்தியா தன் முன்னோடி வங்கியின் வழியாக 1864 முதல் கொழும்பில் இருக்கிறது, இந்தியன் வங்கி 1932 முதல். போர்டைப் பார்த்ததும் ஊரில் இருக்கிற நம் கணக்கு இங்கேயும் வேலை செய்யும் என்று ஒரு நிம்மதி வரும். வேலை செய்யாது. இங்குள்ள கிளைகள் இலங்கைச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன, கணக்கைப் புதிதாகத்தான் திறக்க வேண்டும், அதே காகிதங்கள்தான். ஊர் விஷயமாகப் பேசப் பழக்கமான ஆட்கள் இருப்பார்கள் என்பது ஒரு வசதி, அவ்வளவே.

யூபிஐ, அதாவது இந்தியாவில் போனிலேயே காசு கட்டுகிற முறை, அதைப் பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். 2024 பெப்ரவரி 12ஆம் தேதி இலங்கையில் தொடங்கினார்கள், லங்காக்யூஆர் என்ற இலங்கையின் பொது க்யூஆர் ஒட்டியிருக்கிற கடைகளில் ஸ்கேன் செய்யலாம். வந்து இறங்கிய முதல் வாரத்துக்கு நல்ல உதவி. சில கடையில் எடுக்கும், சில கடையில் "அது வேலை செய்யிறேல்ல" என்பார்கள். காசு போவது இந்தியக் கணக்கிலிருந்து, நடுவில் மாற்று விகிதத்தில் ஒரு வெட்டு விழும், அதனால் சம்பளம் இலங்கை ரூபாயில் வர ஆரம்பித்த பிறகு அதைத் தொடர்வதில் அர்த்தமே இல்லை. உள்ளூர்க் கணக்கு வந்துவிட்டால் வங்கிக்கு வங்கி ஆப்பிலேயே உடனடியாக மாற்றலாம், வாடகையை அப்படித்தான் அனுப்புகிறேன். நம் கடையிலும் க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, ஆனால் அதன் மேல் கொப்பிக் கட்டு ஒன்றைச் சாய்த்து வைத்திருப்பார், போனை எடுத்தால் "காசு இல்லையோ தம்பி?" என்று பாவமாகக் கேட்பார். சில்லறை கொண்டு போங்கள். 5,000 ரூபாய் நோட்டை நீட்டினால் அவர் முகம் மாறும்.

இனி வரி. உள்நாட்டு இறைவரித் திணைக்களம் கொடுக்கும் வரி இலக்கம் இல்லாமல் இப்போது பல வேலை ஓடாது. அலுவலகம் கொம்பனித்தெருப் பக்கம், சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் இருக்கிறது, ஆனால் விண்ணப்பத்தை இணையத்திலேயே ஏற்றலாம். பாஸ்போர்ட், விசா, கம்பெனிக் கடிதம், விலாச அத்தாட்சி, எல்லாம் ஏற்கெனவே அந்தக் கோப்பில் இருந்தது, கடையில் ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டார். கணக்கு வேலை பார்க்கிற நானே இதைச் செய்திருக்கலாம்தான். ஆனால் கோப்பு இன்ன அளவுக்கு மேல் போகக் கூடாது, இன்ன வடிவத்தில் இருக்க வேண்டும் என்று அந்தத் தளம் பண்ணுகிற அடத்துக்கு அவரிடம் இருக்கிற பொறுமை என்னிடம் இல்லை.

கடையில் என் பக்கத்தில் நின்ற இன்னொரு தமிழ்நாட்டுப் பையன் சம்பளச் சீட்டைக் காட்டி "ஏன் அண்ணா இவ்வளவு பிடிச்சிருக்காங்க?" என்று கேட்டான், அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதிவிடுகிறேன். மாதச் சம்பளம் 250,000 இலங்கை ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 சதவீதம், அதாவது 20,000 போகும். கம்பெனி தன் பங்குக்கு 12 சதவீதம் அதே நிதிக்கும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் போடும், அது உங்கள் கையிலிருந்து போவதில்லை. வருமான வரி 2025 ஏப்ரலில் இருந்து மாதம் 150,000 வரை கிடையாது. அதற்கு மேல் வருடத்துக்கு முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18, அப்படியே படிப்படியாக ஏறி 36 வரை போகும். நம் உதாரணத்தில் மாதம் 8,000 வரும். ஆகக் கையில் 222,000. இந்தியச் சம்பளத்தோடு ஒப்பிடும்போது ஓர் இந்திய ரூபாய்க்குச் சுமார் மூன்றரை இலங்கை ரூபாய் என்பதை மறக்காதீர்கள், பலர் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்து ஆனந்தப்படுவது இதை மறந்ததால்தான். இன்னொன்று, வரி ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை; அதற்குள் தொடங்குகிற அல்லது முடிகிற ஏதாவது 12 மாதத்தில் மொத்தம் 183 நாளாவது இங்கே இருந்தால் பொதுவாக வரிக்கு வதிவாளர் கணக்கு. வருட நடுவில் வந்தவர்கள் அந்த வரியில்லா வரம்பு தமக்கு உண்டா என்பதைக் கம்பெனியில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

மின்சார பில், தண்ணீர் பில் எல்லாம் கடையிலேயே கட்டலாம், பில்லுக்கு 30 ரூபாய் கூலி எடுக்கிறார். ஆப்பில் கட்டினால் அதுவும் மிச்சம். ஆனாலும் முதல் சில பில்லை இங்கே கட்டினது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் பில்லை வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார். இங்கே வீட்டு மின்சாரம் படிப்படியாக விலை ஏறும், மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் அட்டவணையே வேறு. அனெக்ஸில் இருப்பவர்களுக்குத் தனி மீட்டர் இருக்காது, வீட்டுக்காரர் மீட்டரோடு சேர்ந்துதான் ஓடும், அதாவது இரண்டு குடும்பத்து யூனிட்டும் ஒன்றாகக் கூடி மேல் படியில் போய் நிற்கும். "உப மீட்டர் இருக்கோ எண்டு கேட்டிட்டுத்தான் அட்வான்ஸ் குடுக்கோணும்" என்பது அண்ணையின் சட்டம். ஏசி வைத்த அனெக்ஸ் என்றால் இதைக் கேட்காமல் பையைப் பிரிக்காதீர்கள்.

காசு மாற்றுவது. இந்த விஷயத்தில்தான் எனக்கு இந்தக் கடை மேல் மரியாதை வந்தது. இந்திய ரூபாயோ டாலரோ நீட்டினால் தொடவே மாட்டார். "லைசன்ஸ் இல்லை தம்பி" என்று காலி வீதியில் மத்திய வங்கி அனுமதிப் பத்திரம் மாட்டியிருக்கிற நாணய மாற்றுக் கடைக்கு அனுப்பிவிடுவார். பத்திரத்தைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள், ரசீது வாங்குங்கள், வாங்கின ரசீதைக் கோப்பில் வையுங்கள். நாடு விட்டுப் போகும்போது மிச்ச ரூபாயை மறுபடி மாற்ற வேண்டி வந்தால் அந்தத் துண்டு கைகொடுக்கும். நாலு கடை தள்ளி விகிதம் கொஞ்சம் கூட என்று தெருவில் நின்று கூப்பிடுகிற ஆட்களும் உண்டு. வேண்டாம்.

உண்டியல் என்ற சொல்லை நீங்கள் இங்கே சீக்கிரமே கேட்பீர்கள். கோயில் உண்டியல் இல்லை. இங்கே ஒருவரிடம் காசைக் கொடுத்தால் அங்கே அவருடைய ஆள் உங்கள் வீட்டில் கொண்டு போய்க் கொடுப்பார், வங்கி கிடையாது, படிவம் கிடையாது. வெளிநாட்டிலிருந்து இலங்கைக்கு வருகிற காசில் இது எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்பது 2022 பொருளாதார நெருக்கடி நேரத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. 2021 கடைசியிலும் 2022 தொடக்கத்திலும் டாலரை 200 ரூபாய் பக்கத்தில் கட்டிப் பிடித்து வைத்திருந்தார்கள், வெளியே அதைவிடக் கூடக் கிடைத்தது, சனம் உண்டியலுக்குப் போனது. 2020இல் வங்கி வழியாக வந்த தொழிலாளர் பணம் 710 கோடி டாலர், 2022இல் அது 380 கோடி அளவுக்கு விழுந்தது. 2022 மார்ச்சில் ரூபாயைக் கட்டிப் பிடிக்காமல் சந்தைப் போக்கில் விட்டார்கள், இரண்டு மாதத்தில் டாலர் 360ஐத் தொட்டது, ஏப்ரலில் நாடு வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. வங்கி விகிதமும் வெளி விகிதமும் ஒன்றான பிறகு காசு மெல்ல வங்கிக்குத் திரும்பி, 2024இல் 650 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அந்த வரிசைக் காலத்தில் ஒழுங்கை முனை வரைக்கும் ஆட்கள் எரிவாயு சிலிண்டரோடு நின்றதை அண்ணை சொல்லத் தொடங்கினால் உங்கள் கொப்பி வேலை முடிய நேரமாகும், ஆனால் கேளுங்கள்.

இங்கிருந்து ஊருக்கு அனுப்பவும் சிலர் உண்டியலைத்தான் சொல்வார்கள். சம்பளம் வாங்குகிற வெளிநாட்டவனுக்கு அது தேவையே இல்லாத வம்பு. சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம், காசு வந்து சேராவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது என்பது இன்னொரு பக்கம். வங்கி வழியாக அனுப்பினால் நேரமாகும், கட்டணம் உறைக்கும், நடுவில் இருக்கிற வங்கியும் கொஞ்சம் எடுக்கும். என் கிளையில் கேட்டது சம்பளச் சீட்டு, வரி பிடித்ததற்கான அத்தாட்சி, வேலை ஒப்பந்தம், விசா நகல். கடையில் செய்த கோப்பு இங்கேயும் உதவியது. சின்னச் சின்னதாக மாதாமாதம் அனுப்பாமல் சேர்த்து அனுப்புங்கள், நிலையான கட்டணம் ஒரு தடவைதான் போகும். இந்தியப் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது: வேலைக்காக வெளிநாடு வந்துவிட்டால் ஊரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, வெளிநாடு வாழ் இந்தியர் கணக்காக மாற்றச் சொல்கிறது சட்டம். நம் ஆட்களில் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை.

சரி, இப்போது குறைகள்.

விலைப்பட்டியல் கிடையாது. எனக்கு ஒரு விலை, ஒழுங்கை ஆச்சிக்கு ஒரு விலை, அவசரத்தில் வருகிறவருக்கு ஒரு விலை என்று ஒரு ஓட்டம் இருக்கிறது. பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் கேட்டுவிட்டு வேலையைக் கொடுங்கள். பில் கட்டினால் ரசீதைத் தானாகத் தரமாட்டார், "போனுக்கு வரும் தம்பி" என்பார். வரும்தான். ஆனாலும் அச்சடித்த துண்டைக் கேட்டு வாங்குங்கள். கலர் பிரிண்ட் மோசம், முகமெல்லாம் மஞ்சளாக வரும், விசாவுக்குக் கொடுக்கிற படத்தை ஒரு ஸ்டூடியோவில் எடுப்பதே நல்லது. பாடசாலை அனுமதிப் படிவக் காலத்தில் காலடி வைக்க இடம் இருக்காது.

காசை எங்கே போடலாம் என்று மட்டும் இந்தக் கடையில் கேட்காதீர்கள். அண்ணைக்கு அதிலும் அபிப்பிராயம் உண்டு, வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் உண்டு. அக்கா, அதாவது அண்ணையின் மனைவி, ஒரு சீட்டுப் பிடிக்கிறார். நேர்மையான மனுஷி, ஒழுங்கை முழுக்க அவரிடம் சீட்டுப் போடுகிறது. என்னையும் சேரச் சொன்னார், நான் நழுவிவிட்டேன். காரணம் அவர் மேல் சந்தேகம் இல்லை. சீட்டு ஓடுவது ஒருவரை ஒருவர் பல வருடமாகத் தெரிந்த ஆட்களுக்குள், விசா எந்த வருடம் நிற்குமோ தெரியாத நான் அதில் உட்கார்ந்தால் என்னால் மற்றவர்களுக்குத்தான் தலைவலி. வங்கியில் நிலையான வைப்பு போட்டால் வட்டியில் 10 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டு தருவார்கள். வங்கி மூழ்கினால் கைகொடுக்கிற வைப்புக் காப்புறுதி ஒரு ஆளுக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாய் வரைதான், அதற்கு மேல் இருந்தால் பிரித்துப் போடுங்கள். 2022 கடைசியில் 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்த கதையைச் சொல்லி இப்போதும் யாராவது ஆசை காட்டினால், அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி 70 சதவீதத்தை ஒட்டி ஏறியிருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் சேர்த்தால் காசு வரும் என்கிற திட்டங்கள் இங்கே வங்கிச் சட்டப்படியே தடை, மத்திய வங்கி பெயர்ப் பட்டியலே போட்டு வைத்திருக்கிறது. ஆனாலும் ஏதோ ஒரு தேநீர்க் கடையில் ஏதோ ஒரு தம்பி உங்களைக் கூட்டத்துக்கு அழைப்பான்.

இனி அந்த ஒரு மார்க். ஸ்கேன் செய்த பாஸ்போர்ட், விசா, சம்பளச் சீட்டு எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரின் முகப்புத் திரையிலேயே கிடக்கின்றன. யார் வந்து நின்றாலும் தெரிகிறது. என் கோப்பு வேலை நடக்கும்போதே யாரோ ஒரு பெண்ணின் பாஸ்போர்ட் முதல் பக்கம் திரையில் திறந்து கிடந்தது, பிறந்த தேதி முதல் பாஸ்போர்ட் எண் வரை என்னால் வாசிக்க முடிந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது கடைப் போனில் நிரந்தரமாகத் தங்கிவிடும். அண்ணை கெட்டவர் இல்லை, அவருக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. "ஆர் தம்பி இதை எடுத்து என்ன செய்யப் போயினம்?" என்கிறார். போனிலேயே காசு கொடுக்கிற ஆன்லைன் கடன் ஆப்கள் பெருகிக் கிடக்கிற காலத்தில் ஒரு அடையாளப் பத்திரத்தின் நகலை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், நமக்குத் தெரியும். அதனால் நான் செய்வது இது. வாட்ஸ்அப்பில் எதையும் அனுப்புவதில்லை. பென் டிரைவில் கொண்டு போகிறேன், வேலை முடிந்ததும் பக்கத்தில் நின்று கம்ப்யூட்டரிலும் குப்பைத் தொட்டியிலும் அழிக்கச் சொல்கிறேன், நகலின் குறுக்கே எந்த வங்கிக்கு, எந்த வேலைக்கு என்று பேனாவால் எழுதிவிடுகிறேன். முதல் முறை அவருக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது. இப்போது நான் போனாலே "வந்திட்டார் இன்ஸ்பெக்டர்" என்று அவரே அழித்துக் காட்டுகிறார். மற்றவர்களுடையதையும் அழிக்கிறாரா என்றால், இல்லை. அதனால் நான்குதான்.

போக விரும்புகிறவர்களுக்கு: கோட்டையிலிருந்து வருவதென்றால் 100 அல்லது 101 பஸ், வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்தில் இறங்கிக் கடல் பக்க ஒழுங்கைகளில் விசாரியுங்கள். காலை எட்டரைக்குத் திறப்பார், மதியம் சாப்பாட்டுக்குப் பூட்டுவார், இரவு எட்டு வரை இருப்பார். போயா தினத்தில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், வங்கி எல்லாம் பூட்டியிருக்கும், இவர் திறந்திருப்பார், கூட்டமும் குறைவு, பெரிய காகித வேலை இருந்தால் அன்றைக்குப் போங்கள். பாஸ்போர்ட், விசாப் பக்கம், கம்பெனிக் கடிதத்தில் விலாசம், வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல், மின்சார பில், இவ்வளவும் கையில் இருந்தால் ஒரே தடவையில் முடியும். விசா புதுப்பித்த பிறகு புதிய பக்கத்தின் நகலை வங்கிக்கும் கொண்டு போய்க் கொடுத்துவிடுங்கள், அவர்களாகக் கேட்கும் வரை காத்திருந்தால் அது சம்பள நாளாகத்தான் இருக்கும்.